நாலாவது மெயில்

அத்தியாயம் 14

நாற்பத்து மூன்று குடும்பங்கள், மூன்று வருடங்கள். கொல்லிமலையில் தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் அத்தனை பேரும் மிளகுக்கொடிக்கு ரசாயனம் எதுவும் காட்டாமல் மாட்டுச்சாணத்தையும் இலைமக்கையும் மட்டும் போட்டு வளர்த்தார்கள். இந்த 2005 டிசம்பரில் கோயம்புத்தூர் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தோட்டங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், தை மாதப் பறிப்புக்கு முன்பே இயற்கை விவசாயச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆய்வாளர் வரும் தேதி தெரியாமல் மிளகு விவசாயிகள் சங்கத் தலைவர் குழந்தைசாமியின் வீடு சோறு இறங்காமல் தவித்ததைப் போன வாரம் பார்த்தோம்.

இன்று செம்மேட்டில் சந்தை. காலை எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டை ஒட்டி மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள் இறங்கிவிட்டன.

சங்க அலுவலகம் சந்தைக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு டெலிபோன், ஒரு கம்ப்யூட்டர். குழந்தைசாமியின் மகள் சங்கீதாதான் அங்கே எழுத்து வேலை பார்ப்பவள். இருபத்து மூன்று வயது. ராசிபுரத்தில் பி.காம் முடித்தவள்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெயில் புரோகிராமைத் திறந்தாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. வழக்கம்போல ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. வழக்கம்போல 'யெஸ்' அழுத்தினாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெயில் இறங்கியது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

'ஆய்வுத் தேதி குறித்து உங்களுக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. பன்னிரண்டாம் தேதிக்குள் பதில் தராததால் உங்கள் சங்கம் அடுத்த வருடப் பட்டியலுக்கு மாற்றப்படுகிறது. சொல்ல வேண்டியது இருந்தால் இன்று மாலை நாலு மணிக்குள் தெரிவிக்கவும். மேனகா, ஆய்வு அலுவலர்.'

"பதில் இல்லையா? மூணு தடவையும் பதில் போட்டேனே!" என்று காலி அறையிடம் சொன்னாள் சங்கீதா.

உடனே வீட்டுக்குப் போன் அடிக்க ரிசீவரை எடுத்தாள். இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்ததால் போனில் இரைச்சல்தான் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

"அண்ணி, இருக்கற வேலையப் போட்டுட்டு ஆபீசுக்கு வாங்க. ஆய்வு போயிருச்சாட்ட இருக்குது."

தாரணி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். சங்கீதாவின் அண்ணன் கதிர்வேலின் மனைவி. வளப்பூர் நாட்டில் பிறந்து, நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்து, கல்யாணத்துக்கு முன் ஒன்றரை வருடம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். எந்த இயந்திரம் கெட்டுப்போனாலும் ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. போன மாசம் வீட்டு மிக்ஸியைப் பாயில் பிரித்துப் போட்டு மாமனாரிடம் ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினாள்.

"நீ அனுப்புனதக் காட்டு."

சங்கீதா அனுப்பிய மெயில்களின் பட்டியலைத் திறந்தாள். மேலே நவம்பர் கடைசியில் அனுப்பியது ஒன்று இருந்தது. டிசம்பரில் அனுப்பியது ஒன்றுமே இல்லை.

"அனுப்புனேன் அண்ணி. சத்தியமா அனுப்புனேன். காணோம்."

"அழாத கண்ணு. மொதல்ல இருந்து செய். காலையில வந்து என்னென்ன அமுக்குவியோ அதையே அமுக்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கறேன்."

சங்கீதா மீண்டும் இணைத்தாள். சின்னப் பெட்டி வந்தது. அவள் விரல் அனிச்சையாக 'யெஸ்' பக்கம் போனது. தாரணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"இது என்ன?"

"அது தெனமும் வரும் அண்ணி. யெஸ் குடுத்தாப் போயிரும்."

"என்ன கேக்குதுன்னு படிச்சியா?"

"பெரிய இங்கிலீஷு. யெஸ் குடுத்தா மெயில் வருது, நோ குடுத்தா வரலை. அதனால யெஸ்."

"சத்தமாப் படி."

சங்கீதா எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்து, தமிழிலும் சொன்னாள். "இந்த சர்வரோட பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபாக்க முடியலை. சான்றிதழ் அதோட செல்லுபடிக் காலத்துக்குள்ள இல்லை. தொடரலாமா?"

"சான்றிதழ் செல்லாதுங்குதா?"

"ஆமாங்க அண்ணி. சான்றிதழ் செல்லாது."

இருவருக்கும் முதுகுப்புறம் கதவு திறந்திருந்தது. சங்கத்து உறுப்பினர் பொன்னம்மாள், ஆய்வுத் தேதி வந்ததா என்று கேட்பதற்காக வாசலில் கூடையோடு நின்றிருந்தாள். கடைசி வார்த்தை அவள் காதில் சுத்தமாக விழுந்தது. அவள் உள்ளே வரவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குத் திரும்பி நடந்தாள்.

தாரணி அதைக் கவனிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பத்துல இருந்து வருது?"

"மூணு நாள் கரண்ட் இல்லாம மழை அடிச்சுதே, அதுக்கப்புறம்."

"அந்த மழைக்கு முன்னாடி வரலையா?"

"ஒரு நாளும் வந்ததில்லைங்க அண்ணி."

தாரணி மேஜையில் விரலால் தாளம் போட்டாள். மழைக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம்? அவள் முகத்தில் கவலை போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மிக்ஸியைப் பிரித்த அன்று இருந்த அதே முகம்.

பெட்டியில் யெஸ், நோ தவிர வேறு பட்டன் இல்லை. அவள் 'நோ' கொடுத்தாள். பிரௌசரைத் திறந்து, மெயில் கம்பெனியின் அதே முகவரியை அங்கே அடித்தாள். இங்கேயும் ஓர் எச்சரிக்கை வந்தது. ஆனால் இதில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி, சான்றிதழ் கொடுத்தவர் நம்பிக்கையானவர்தான் என்றது. பச்சை டிக். மூன்றாவது வரி, சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் தேடிவந்த பெயரும் ஒன்றுதான் என்றது. அதற்கும் பச்சை டிக். நடு வரிக்கு மட்டும் மஞ்சள் முக்கோணம். தேதி சரியில்லை.

"ஆளு சரி, பேரு சரி, தேதிதான் தப்பு" என்றாள் தாரணி. "பாரு, சான்றிதழையே காட்டறேன்னு கீழ ஒரு பட்டன் குடுத்திருக்கான்."

அழுத்தினாள். சான்றிதழ் விரிந்தது. செல்லுபடி ஆகும் காலம்: 2005 மார்ச் முதல் 2006 மார்ச் வரை.

சங்கீதா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "இன்னும் மூணு மாசம் இருக்குதே. அப்புறம் ஏன் செல்லாதுங்குது?"

"அதான் எனக்கும் புரியலை."

அந்த நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது.

குழந்தைசாமி துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் இருபது பேர். முன்னால் காளியண்ணன், சங்கத்தில் அதிகமான கொடிகள் வைத்திருப்பவர், குரலும் அதிகம். கூட்டத்தின் கடைசியில் கதிர்வேல் நின்றான். அவன் காலையிலேயே பலாக்கன்று வாங்கச் சந்தைக்கு வந்திருந்தான்.

"தலைவரே, உங்க புள்ளயே சொல்லட்டுமுங்க" என்றார் காளியண்ணன். "சான்றிதழ் செல்லாதுன்னு கம்ப்யூட்டர்ல வந்திருச்சா இல்லையா?"

"யாரு சொன்னது?" என்றாள் சங்கீதா.

"நீ படிச்சத நான் என்ற காதுல கேட்டேன் கண்ணு" என்றாள் பொன்னம்மாள். "பொய் சொல்லுவனா?"

"மூணு வருசம்! யூரியா போட்டவன் கொடியெல்லாம் கருகருன்னு நிக்குது. நாம வாயக் கட்டி வயித்தக் கட்டி நின்னோம். இப்பச் செல்லாதாம்!" காளியண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கீழ இருந்து வந்த வியாபாரி டீக்கடையில உக்காந்திருக்கறான். பச்சையாவே பறிச்சுக் குடுக்கறதுன்னா இன்னைக்கே பேசிரலாம். யார் யாரு வாரீங்க?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். குழந்தைசாமி மகளைப் பார்த்தார்.

"சாமி, நெசத்தச் சொல்லு. நம்ம மொளகுக்குச் சான்றிதழ் இல்லைன்னுட்டாங்களா?"

"அப்பா, அது மொளகுச் சான்றிதழ் இல்லீங்கப்பா. மெயிலுக்கு."

"மெயிலுக்கு எதுக்குச் சான்றிதழ்?" என்றார் காளியண்ணன். "அது என்ன செடியா கொடியா?"

தாரணி எழுந்தாள்.

"பெரிய மாமா, உங்க ஊட்டுக்குத் தபால்காரர் வாராரு. உங்க லெட்டர அவருகிட்டக் குடுக்கறீங்க. எப்படி நம்பிக் குடுக்கறீங்க?"

"அவர எனக்குத் தெரியும்."

"தெரியாத ஆளா இருந்தா?"

"காக்கிச் சட்டை போட்டிருப்பாரு. பையில முத்திரை இருக்கும். கேட்டா அட்டையக் காட்டுவாரு."

"அந்த அட்டைதானுங்க இது. நம்ம மெயில வாங்கிக்கிட்டுப் போற மெசினு, நான்தான் அந்த ஆளுன்னு நம்ம கம்ப்யூட்டர்கிட்டக் காட்டற அட்டை. அதுல தேதி சரியில்லைன்னு நம்ம கம்ப்யூட்டர் சொல்லுது. அவ்வளவுதான். நம்ம மொளகப் பத்தி ஒரு வார்த்தை இல்லைங்க."

கூட்டம் கொஞ்சம் தணிந்தது. பொன்னம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆய்வுத் தேதி?" என்று கேட்டார் குழந்தைசாமி.

தாரணி உள்ளதைச் சொன்னாள். "அதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க மாமா. நாம போட்ட பதில் அங்க போய்ச் சேரலைங்கறாங்க. நாலு மணிக்குள்ள நான் கண்டுபிடிச்சாகோணும். அதுவரைக்கும் யாரும் ஒரு சரத்தக்கூடப் பறிக்க வேண்டாமுன்னு சொல்லுங்க."

காளியண்ணன் சூரியனை அண்ணாந்து பார்த்தார். "நாலு மணி வரைக்கும்தான். வியாபாரி அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கீழ எறங்கிருவான்."

குழந்தைசாமி எல்லாரையும் அழைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். கதிர்வேல் மட்டும் வாசலில் நின்றான்.

"ஏனுங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றாள் தாரணி.

"வேண்டாம். நீ பாரு." அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "இந்த வருசம் ஆய்வு இல்லைன்னா, அடுத்த வருசம் நடக்கும். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

தாரணி ஆச்சரியமாகத் திரும்பினாள். மூன்று வருடமாக இந்த ஆய்வைப் பற்றி அவனைவிட அதிகம் பேசியவர் யாரும் இல்லை. அவள் ஏதோ கேட்கப்போகுமுன் அவன் வேப்பமரத்தடிக்கு நடந்துவிட்டான்.

மணி பதினொன்று.

தாரணி மெயில் புரோகிராமைத் திறந்து அந்த எச்சரிக்கைப் பெட்டியை மறுபடி வரவழைத்தாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, விரலை வைத்துப் படித்தாள். சங்கீதா காலையில் வேகமாகத் தாண்டிவிட்ட ஒரு துண்டு நடுவில் இருந்தது.

"சங்கீதா, இங்க பாரு. 'இந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது' அப்படீன்னு போட்டிருக்குது."

"அப்படீன்னா?"

"தேதி தப்புன்னு அது நம்ம சுவத்துக் காலண்டரப் பாத்துச் சொல்லலை. அதோட காலண்டரப் பாத்துச் சொல்லுது."

இருவரும் ஒரே நேரத்தில் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தார்கள். அங்கே மணி 2:37 என்று இருந்தது.

"மணி பதினொண்ணுதானே ஆகுது?"

"அது எப்பவும் தப்பாத்தான் காட்டும் அண்ணி. நான் சுவத்துக் கடிகாரத்தத்தான் பாப்பேன்."

தாரணி அந்த மணியின் மேல் இரண்டு முறை சொடுக்கினாள். ஒரு காலண்டர் விரிந்தது.

2002. ஜனவரி 1.

சங்கீதா வாயில் கை வைத்தாள். தாரணி சிரித்துவிட்டாள். அவளுக்கே அது பொருத்தமில்லாத சிரிப்பாகப் பட்டது, ஆனாலும் அடக்க முடியவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் இன்னைக்கு 2002 புதுவருசம்! அந்தச் சான்றிதழ் பொறக்கவே இன்னும் மூணு வருசம் இருக்குது. அதான் செல்லாதுங்குது!"

"எப்படி அண்ணி அங்க போச்சு?"

"சாயங்காலம் போகும்போது பிளக்கப் புடுங்கீருவியா?"

"ஆமாங்க. மின்னலுக்குப் பயந்து அப்பா புடுங்கச் சொன்னாரு."

"காலையில போட்டவொடனே கறுப்புத் திரையில ஏதாவது கேக்குமா?"

"எஃப்-ஒன் பட்டன அமுக்குன்னு கேக்கும். அமுக்குவேன்."

"அதையும் படிக்கலையா?"

சங்கீதா தலை குனிந்தாள். தாரணி அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள். "உள்ள ஒத்த ரூபாய் அளவுல ஒரு பேட்டரி இருக்குது. கரண்ட் இல்லாதப்ப அதுதான் தேதிய ஞாபகம் வெச்சிருக்கும். ஏற்கெனவே தீர்ற நெலமையில இருந்திருக்கும், மூணு நாள் கரண்ட் இல்லாம கெடந்ததுல அது செத்துப்போச்சு. தெனமும் நீ பிளக்கப் புடுங்குனா, தெனமும் காலையில அதுக்கு 2002 ஜனவரி ஒண்ணுதான்."

தேதியையும் மணியையும் அவள் சரிசெய்தாள். மெயில் புரோகிராமை மூடித் திறந்தாள். மோடம் கீச்சிட்டது.

பெட்டி வரவில்லை. மெயில் சத்தமில்லாமல் வந்து போனது.

சங்கீதா கைதட்டினாள். ஆனால் தாரணியின் மூளை அதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தது. அனுப்பிய மெயில் பட்டியலைத் திறந்து, கீழே, கீழே, அடிமட்டம் வரைக்கும் இறக்கினாள். சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியதே 2004இல்தான். அந்த வருட மெயில்களுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், மூன்று மெயில்கள் படுத்திருந்தன. மூன்றுக்கும் தேதி 2002 ஜனவரி 1.

"உன்ற பதிலு. மூணும் இருக்குது பாரு."

"அப்ப அங்கயும்..."

"அங்கயும் அவங்க மெயில் பெட்டியோட அடியிலதான் கெடக்கும். நாலு வருசத்துக்கு முந்துன மெயில எந்த ஆபீசர் கீழ போய்ப் பாப்பாங்க?"

இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ரிசீவரை எடுத்தாள். கோயம்புத்தூர் எண் மூன்றாவது முயற்சியில் கிடைத்தது.

"மேனகா பேசறேங்க. கொல்லிமலைச் சங்கமா? காலையில இருந்து கூப்பிடறேன், எங்கேஜ்டாவே இருக்குதுங்களே."

"மன்னிச்சுக்குங்க மேடம். போனும் நெட்டும் ஒரே லைன். நாங்க மூணு தடவை பதில் போட்டிருக்கறமுங்க."

"ஒண்ணுகூட வரலீங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. பன்னண்டாந் தேதிக்கு முன்னாடி பதில் வந்ததுக்கு ஆதாரம் இருந்தாத்தான் நான் மேல பேச முடியும்."

"மேடம், ஒரே ஒரு உதவி. உங்க மெயில் பெட்டி தேதி வரிசையிலதான இருக்குது? அதுல அடியோட அடிக்குப் போய்ப் பாருங்க. 2002ன்னு இருக்கும். எங்க கம்ப்யூட்டர்ல தேதி தப்பாயிருச்சு. ஆனா உங்க சர்வர் அத வாங்குன தேதி மெயிலுக்குள்ளயே தனியாப் பதிஞ்சிருக்கும். அத மாத்த முடியாது."

"2002ங்களா?" மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "இருங்க, பாக்கறேன்."

வேப்பமரத்தடியில் எல்லாரும் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி சன்னல் வழியாகக் கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். குழந்தைசாமியும் கதிர்வேலும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"அட, இருக்குதுங்க!" என்றார் மேனகா. "உள்ள பாத்தா வந்து சேந்தது அஞ்சாந்தேதி, எட்டாந்தேதி... சரீங்க. இது போதும். பதில்ல நீங்க கேட்டிருக்கற பதினாறாந் தேதிய நான் அப்படியே வெச்சுக்கறேன்."

தாரணி கண்ணை மூடித் திறந்தாள். வாய்க்கருகே கை வைத்து மாமனாரைப் பார்த்து, "பதினாறாந் தேதி வாராங்க!" என்றாள். குழந்தைசாமி திரும்பி மரத்தடியைப் பார்த்துத் துண்டை வீசினார். அங்கே ஒரு கூச்சல் எழுந்தது. காளியண்ணனின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"ஆனா நீங்க மூணுன்னு சொன்னீங்க" என்றார் மேனகா. "இங்க நாலு இருக்குதுங்களே."

"மூணுதானுங்க மேடம்."

"நாலுங்க. நாலாவது பத்தாந்தேதி வந்திருக்குது. உங்க சங்கத்து முகவரிதான். தலைப்பு வேற மாதிரி இருக்குது. 'மேல்காட்டில் மருந்து அடித்தது பற்றி'. திறக்கட்டுங்களா?"

தாரணி சங்கீதாவைப் பார்த்தாள். சங்கீதா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிசம் மேடம்." ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். "நீயா எழுதுன?"

சங்கீதா ஆமென்று தலையசைத்தாள்.

"நம்ம லிஸ்ட்ல இல்லையே?"

"அனுப்புனவொடனே அழிச்சிட்டேன் அண்ணி." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நம்ம மேல்காட்டுக் கொடியில வாடல் நோய் வந்துச்சு இல்லீங்களா? ஐப்பசியில ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுக்கிட்டுப் போனேன். அண்ணன் டேங்க்க முதுகுல கட்டிக்கிட்டு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு. இருபது கொடிதான், யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. எத்தன நாள் சொல்லாம இருக்கறது? அவங்களா கண்டுபிடிச்சா நாப்பத்து மூணு குடும்பத்துக்கும் சான்றிதழ் போயிரும். நாமளே சொன்னா நம்ம தோட்டம் மட்டும் வெளிய நிக்கும், மத்தவங்க பொழைச்சுக்குவாங்க. சான்றிதழ் விதிப் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது. அதான் எழுதுனேன். பதிலே வரலை. சாமியே மறைச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

பெட்டியின் அடிக்குப் போய்ப் பாருங்கள் என்று மேனகாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது தாரணிதான்.

வாசலில் கதிர்வேல் நின்றிருந்தான். தங்கை பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே அவன் முகம் மாறிவிட்டது. அவனுக்குப் பின்னால் குழந்தைசாமி, இன்னும் சிரித்த முகத்தோடு.

"ஹலோ, லைன்ல இருக்கறீங்களா?" என்று ரிசீவர் அவள் உள்ளங்கைக்குள் கேட்டது.

அது தப்பாக வந்த மெயில், அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேனகா நல்ல மாதிரி. அழித்துவிடக்கூடும். பதினாறாம் தேதி ஆய்வாளர் வருவார், மேல்காட்டில் கொடிகள் பச்சையாக நிற்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடமாகத் தன்னிடம் ஒன்றையும் மறைக்காதவன் என்று நினைத்த மனிதனை அவள் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மேல்காட்டுல மருந்து அடிச்சீங்களா?"

குழந்தைசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

கதிர்வேல் தங்கையைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. மரத்தடிக் கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் அவனைத் தாண்டி அறைக்குள் வந்தது.

"எங்கிட்டச் சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"அடிச்சேன்" என்றான். "கொடி கண்ணு முன்னால செத்துக்கிட்டு இருந்துச்சு தாரணி. பாத்துக்கிட்டு நிக்க முடியலை."

தாரணி ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள்.

"மேடம், தொறந்து படிங்க. அதுவும் எங்க ஊட்டுல இருந்து எழுதுனதுதானுங்க."

சங்கீதா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். மறுமுனையில் மேனகா மெதுவாக, வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தார். ஐப்பசி மாதம், மேல்காடு, இருபது கொடிகள்.

குழந்தைசாமி உள்ளே வந்தார். பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. மகனை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இருபது கொடிதானா?"

கதிர்வேல் வாசலுக்கு வெளியே திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் காளியண்ணன் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவ பாத்தது இருபதுங்கப்பா" என்றான். "அன்னைக்கு அந்த டேங்க்க, தன்னோட கொடிக்கு அடிச்சு முடிச்சிட்டு எனக்குக் குடுத்தது காளியண்ணன் பெரியப்பா."